சர்வருக்கு ஒரு நாள் லீவு

போன ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் பொட்டு வைக்கச் சாமான் கிடைக்கவில்லை. சந்தனம் குழைத்தாயிற்று. பொரி, கடலை, சுண்டல், உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் வந்தாயிற்று. ஆனால் நாங்கள் வயிறு வளர்க்கிற தொழிலுக்கு ஆயுதம் எது என்று தேடினால், அது மும்பையிலோ ஐதராபாத்திலோ யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கிறது. நாங்கள் இங்கிருந்து அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டிக்கு மாலை போட்டோம். அது இரண்டு ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. "மேடம், அந்தக் காலத்துல நெஜமாவே சர்வருக்கெல்லாம் பொட்டு வெப்பீங்களா?" என்று எங்கள் ஹெச்.ஆர். மேலாளர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெட்டியோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்.

வைஃபை பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அதன் மேல் சந்தனம் காய ஆரம்பித்ததும் ஒரு வாசனை வந்தது. கோயில் வாசனை அல்ல, சூடான தகரமும் சந்தனமும் கலந்த வாசனை. பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து தகர வாசனை எப்படி வரும் என்று கேட்காதீர்கள், மூக்குக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. அது என்னை நேராக அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கையில் சுண்டல் பொட்டலத்தோடு பத்து நிமிடம் அப்படியே நின்றேன். பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்து ஒருவரும் தொந்தரவு செய்யவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. பெருமாள் புறப்பாடு இருக்கும் நாளில் எங்கள் வண்டிகள் வீதியை விட்டு வெளியே வர முடியாது. எந்த ஊரில் எந்த மெஷின் படுத்திருந்தாலும், "சாமி உள்ள போனதும் கெளம்பி வரோங்க" என்று போனில் சொல்லிவிடுவோம். ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை. இதே காரணத்தை இன்றைக்கு பெங்களூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை.

கம்பெனியில் மூன்று பேர், நான்கு நாற்காலி. முதலாளி வரதன் சார். நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வரை இரும்புப் பெட்டிகளுக்கு இங்கிலீஷில் கட்டளை போட்டுக்கொண்டிருப்பார். அடுத்தது சலீம். பாலக்கரைக்காரர். எதைக் கொடுத்தாலும் கழற்றிவிடுவார், கழற்றியதில் முக்கால்வாசியைத் திரும்ப மாட்டியும் விடுவார். மூன்றாவது நான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். நான்காவது நாற்காலி காலி. "நல்ல ஆள் கெடச்சா போட்டுக்கலாம், அவசரமில்லை" என்பார் சார். அதுவரைக்கும் அதில் செத்துப்போன மானிட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. மாதக் கடைசியில் எங்கள் மூவரையும் விட அதுதான் நிம்மதியாக இருக்கும்.

ஊரில் இருக்கும் வியாபாரிகளின் சர்வர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு. சர்வர் என்றால் ஹோட்டலில் தோசை கொண்டுவருபவர் என்றே என் பெரியப்பா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அது பெரிய தப்பும் இல்லை. பத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதை ஒருவரே நினைவில் வைத்து மாற்றாமல் கொண்டுவந்து வைக்கவேண்டும். அந்த ஆளுக்குள் இருக்கும் புத்திக்குப் பெயர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். இந்த இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் பார்க்காத புத்தி இல்லை. முதலில் யூனிக்ஸ். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நாம் சரியாகச் சொன்னால் செய்துவிட்டு ஒரு வார்த்தை பேசாது. தப்பாகச் சொன்னாலும் அப்படியே செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அப்புறம் மவுசோடு சில வந்தன. பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் அவற்றுக்கு முகம் தெளியும். பின்னாலேயே லினக்ஸ் வந்தது, இலவசம் என்றார்கள். பிரசாதத்தைத் தவிர இலவசமாக வரும் எதையும் நம்பாத வரதன் சார் ஒரு வருடம் அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. சேர்த்துக்கொண்ட பிறகு அதன் மகிமையை திருச்சி முழுக்க உபன்யாசம் பண்ணினார்.

நாங்கள் வைத்த சர்வர்களுக்கெல்லாம் ஏசி ரூம் கேட்போம். சித்திரை மாத வெயிலில் முதலாளி விசிறிக்காற்றில் வெந்துகொண்டிருப்பார், சர்வர் குளுகுளுவென்று இருக்கும். அதனால் திருச்சி ஜில்லாவில் சர்வர் ரூம்கள் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே யாராவது படுத்திருப்பார்கள். தொட்டியத்தில் ஒரு வாழைத்தார் மண்டிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். சர்வரின் பின்பக்கம் வெளியே தள்ளும் சூட்டுக்கு நேராக ஒரு தார் பூவன் பழத்தைத் தொங்கவிட்டிருந்தார். "ரெண்டு நாள்ல பழுத்துருதும்மா, இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே நீங்க" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். கிளம்பும்போது அரைச் சீப்பு கொடுத்தார். நல்ல பழம்.

சார் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு திவ்யதேசத்தின் பெயர் வைப்பார். பெருமாள் கோயில்கள் நூற்றெட்டு இருப்பதால் பெயருக்குப் பஞ்சமில்லை. தொட்டியம் மண்டியின் சர்வருக்கு உத்தமர்கோயில் என்று பெயர், பாலக்கரை ஜவுளிக்கடைக்கு அன்பில், அரியமங்கலம் பட்டறைக்குத் திருவெள்ளறை. வேண்டாத பைல்களைத் தள்ளிவிடும் இடத்துக்குப் பரமபதம் என்று பெயர். "அங்க போனது திரும்பி வராது, பாத்துப் போடு" என்று முதல் நாளே என்னை எச்சரித்தார்.

தினமும் காலையில் ஒரு சடங்கு உண்டு. டெலிபோன் லைன் வழியாக ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு, நீ அணையாமல் எத்தனை நாளாக ஓடுகிறாய் என்று சார் கேட்பார். அது சொல்லும் எண்ணைப் பஞ்சாங்கம் மாதிரி எங்களுக்கு வாசிப்பார். "உத்தமர்கோயில் நூத்தியறுவது. அன்பில் நானூத்திப் பன்னெண்டு. திருவெள்ளறை ஆயிரத்து நாப்பத்து மூணு!" திருவெள்ளறைதான் எங்கள் கம்பெனியின் மானம். அது ஆயிரம் நாளைத் தொட்டபோது சார் வீட்டிலிருந்து அக்காரவடிசல் வந்தது. சலீம் இரண்டு தொன்னை சாப்பிட்டுவிட்டு, இரண்டாயிரமாவது நாள் எப்போது வரும் என்று விரல் விட்டுப் பார்த்தார்.

"பெருமாள் சயனத்துல இருக்கறது அழகு. சர்வர் படுக்கப்படாது" என்பது சாருடைய வேதாந்தம். அதன் கீழே ஒரு சட்டம். "என்னைக் கேக்காம யார் ஓடற சர்வரை அணைக்கறாளோ, அன்னிக்கே அவா ஆத்துக்குப் போயிடலாம்."

அந்தத் திருவெள்ளறை இருந்த பட்டறை தங்கவேல் சாருடையது. பெரிய பாய்லர் தொழிற்சாலைக்கு இரும்புக் குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்துக் கொடுப்பவர். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நம்பர் உண்டு. அது எந்த இரும்பு, யார் பற்றவைத்தார், என்ன சோதனை ஆயிற்று என்கிற ஜாதகம் முழுவதும் சர்வருக்குள் இருக்கும். சரக்கு கிளம்பும் முன் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து குழாயையும் ஜாதகத்தையும் பொருத்திப் பார்ப்பார். பொருந்தினால் லாரி ஏறும். ஜாதகம் இல்லையென்றால் அது எத்தனை நல்ல குழாயானாலும் பழைய இரும்புதான்.

இந்த ஜாதகங்களை எழுதியவள் மல்லிகா. அந்தப் பட்டறையின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பி.காம். முடித்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். வரதன் சார் அங்கே வந்து ஏதாவது கட்டளை அடித்தால், பின்னால் நின்று அவர் விரலைப் பார்த்தே எழுதிக்கொள்வாள். மறுநாள் எனக்குப் போன் வரும். "மேடம், சார் நேத்து கடைசியா ஒண்ணு அடிச்சாங்களே, அது எதுக்குங்க?" எனக்குத் தெரியாது. "லைன்ல இரு" என்று சொல்லிவிட்டுச் சாரிடம் கேட்டு வந்து, நானே பிறவியிலிருந்து அறிந்தவள் மாதிரி சொல்வேன். அவள் நம்பிவிட்டாளா, நம்பியதுபோல் இருந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கேட்கும் கேள்விகள் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போயின. ஒரு நாள் சார் சந்தேகப்பட்டு, "இதெல்லாம் உனக்காத் தோணறதா?" என்று கேட்டுவிட்டார். நான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சார் அந்தக் காலி நாற்காலியை ஒரு தடவை பார்த்தார்.

"தீபாவளி கழியட்டும். தங்கவேல்கிட்ட நானே பேசறேன். அந்தப் பொண்ணை நாம எடுத்துப்போம். இப்ப யாரும் அவகிட்ட சொல்லவேண்டாம்" என்றார். சலீம் உடனே எழுந்து போய், நாற்காலியிலிருந்த மானிட்டரைத் தூக்கிக் கீழே வைத்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகாவுக்கு அப்படி ஒரு நாற்காலி காத்திருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். சார் கோயிலுக்குப் போயிருந்தார், சலீம் ஏதோ கடையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். ஆபீசில் நான் மட்டும். போன் அடித்தது. மல்லிகா.

"மேடம், முதலாளி நாளைக்கு சர்வரையும் பூஜையில வெக்கச் சொல்றாருங்க. லேத்து, டிரில்லிங் மெஷினெல்லாம் அணைச்சுத்தானே வெப்போம். இதை என்னங்க பண்றது? அணைக்கலாங்களா?"

அந்த ஐந்து மாதத்தில் யாரும் என்னிடம் அனுமதி என்று ஒன்றைக் கேட்டதில்லை. டீ சொல்லட்டுமா என்று கூடக் கேட்டதில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தாராளமா அணைச்சுக்க. அதுவும் மூணு வருஷமா லீவே எடுக்காம உழைக்குது, பாவம்" என்றேன். நான் சொன்ன நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அவள், "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். சாருடைய சட்டம் எனக்கு மறந்தா போயிற்று என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அணைத்துப் போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். விளக்கை அணைத்தால் திரும்ப எரிவதில்லையா?

பூஜையன்று எங்கள் ஆபீசிலும் எல்லாச் சாமான்களையும் சந்தனம் வைத்துப் படத்துக்கு முன் அடுக்கியிருந்தோம். அதனால் காலையில் சர்வர்களைக் கூப்பிடும் சடங்கும் அன்றைக்கு இல்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும் வரை தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. சலீம் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். "அவசரம்னா என்ன பண்றது? இது என் கணக்குல இருக்கட்டும்" என்பார். சார் அதைப் பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ரம்ஜானுக்கு அவர் வேலையை நாங்கள் பார்ப்போம், எங்கள் பண்டிகைகளுக்கு அவர். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக ஞாபகமில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கவேல் சார் போன் செய்தார். அடுத்த வாரம் வரவேண்டிய இன்ஸ்பெக்டர் நாளைக் காலை ஒன்பது மணிக்கே வருகிறாராம். அவர் வடக்கத்திக்காரர், நம் விஜயதசமியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஜாதகங்களை எல்லாம் இன்றைக்கே அச்சடித்தாக வேண்டும். அதனால் சர்வரைப் போட்டுப் பார்த்தார்களாம், உயிர் வரவில்லையாம்.

"போட்டுப் பாத்தேளா? அது ஓடிண்டுதானே இருக்கு" என்றார் சார்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சார் போனை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். ஆயிரத்துச் சொச்சம் நாளும் அந்த மூடிய கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தேன்.

சாருடைய பழைய காரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, பாலக்கரையில் சலீமை ஏற்றிக்கொண்டு அரியமங்கலம் போனோம். பட்டறை முழுவதும் பொட்டும் மாலையுமாக இருந்தது. லேத்துக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சர்வர் ரூமில் திருவெள்ளறை மூன்று விரல் பட்டையாகச் சந்தனம் பூசிக்கொண்டு, மேலே சாமந்தி மாலையோடு ஐக்கியமாகியிருந்தது. உண்மையில் இழவு வீட்டுக்கு வந்த மாதிரிதான் நின்றோம். பூஜையில் வைத்த சர்வரைத் தொடலாமா என்று தங்கவேல் சாருக்கே சந்தேகம் வந்து, 'எடுக்கலாம்', 'எடுக்கக்கூடாது' என்று சீட்டு எழுதிப் போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி எடுத்தாராம். 'எடுக்கலாம்' என்று வந்ததாம். கீழே கிடந்த மற்றச் சீட்டைச் சலீம் எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். அதிலும் 'எடுக்கலாம்' என்றுதான் இருந்தது.

சார் திருவெள்ளறையின் முன் நின்று கேட்டார். "யார் அணைச்சது?"

"நான்தான் சார்" என்றாள் மல்லிகா.

"நான் பொட்டு வெக்கத்தானேம்மா சொன்னேன், அணைக்கவா சொன்னேன்?" என்று தங்கவேல் சார் இடையில் புகுந்தார்.

"யாரைக் கேட்டுண்டு அணைச்சே?" என்றார் சார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அங்கே மேசையில் ஒரு தட்டில் சுண்டல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டது. எத்தனை பல் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

"யாரையும் கேக்கலைங்க சார். நானாத்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. காப்பி எடுத்து வைத்த டேப்புகள் இருக்கின்றனவே என்று சார் கேட்டார். இருந்தன. கிழமைக்கு ஒன்றாக ஏழு கேசட். ஏழுக்கும் பட்டறைக்காரர்கள் பக்தி சிரத்தையாகச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள், சரியாக டேப் வெளியே வரும் வாயில். சந்தனம் உள்ளே இறங்கி, சுருளோடு காய்ந்து பிடித்துவிட்டது. முதல் கேசட்டைச் செருகியதும் டிரைவ் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. இனி இருப்பது அந்த டிஸ்க் ஒன்றுதான்.

சலீம் காதை வைத்துக் கேட்டார். "சுத்தலை சார். மூணு வருஷமா ஓடிக்கிட்டே இருந்ததில்ல, சூடா இருந்திருக்கு. ஒரு நாள் ஆறினதும் உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சு. கழட்டிக் கொஞ்சம் சூடு காட்டிப் பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பட்டறையில் இருந்த நூறும் பூஜையில் இருந்தன. சீட்டு சர்வருக்கு மட்டும்தான் போட்டது, ஸ்க்ரூ டிரைவருக்கு அனுமதி கேட்கவில்லை. சலீம் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அடுத்து, சூடு காட்ட அடுப்பு. வெல்டிங் குச்சிகளை ஈரமில்லாமல் காயவைக்க அங்கே ஒரு சின்ன ஓவன் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். தங்கவேல் சார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அதைத் தொடவே கூடாதுங்க. பூஜையில இருக்கு."

"அது ஆயுதமா, அடுப்பா?" என்று கேட்டார் வரதன் சார்.

"அடுப்பு மாதிரிதாங்க."

"உங்காத்துல இன்னிக்குச் சுண்டல் எதுல வெந்தது? அடுப்புக்குப் பூஜை உண்டு, லீவு கிடையாது. சாஸ்திரம் நான் சொல்றேன், போடுங்கோ."

ஓவனைப் போட்டு, சூடேறியதும் அணைத்து, மூடியைத் திறந்து கொஞ்சம் ஆறவிட்டு, டிஸ்க்கை வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார் சலீம். இட்லி வேகிற நேரம். பிறகு எடுத்து உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டைச் சடக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். மாட்டினோம். மாலையை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து முனகல் ஒன்று கேட்டது, பிறகு விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. பச்சை எழுத்து வந்தது. சூட்டில் சந்தனம் மணத்தது. தங்கவேல் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஓடியது சலீமின் கையால் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் கும்பிட்டார். மல்லிகா ஓடிப்போய்ப் பிரின்டரில் காகிதத்தை மாட்டினாள். விளக்கு வைப்பதற்குள் அத்தனை ஜாதகமும் அச்சாகிவிட்டது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார், பொருத்தம் பார்த்தார், லாரி ஏறியது.

சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் நினைத்தேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வரதன் சார் சொன்னார். "அந்தப் பொண்ணு விஷயம் வேண்டாம். கெட்டிக்காரிதான். ஆனா கேக்காம அணைக்கற கை நமக்குச் சரிப்படாது."

"பாவம் சார், தெரியாமப் பண்ணிருச்சு" என்றார் சலீம்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பாலம் முடிவதற்குள் சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பொதுப்பணித்துறைக்காரர் மாதிரி அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்துவிட்டது. அம்மா மண்டபம் ரோட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ராஜகோபுரம் வந்தது. அதற்கப்புறம் ஆபீஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. நாற்காலிக்கு ஒரு பையன் வந்தான். கை நிறையச் சர்டிபிகேட் வைத்திருந்தான். மூன்று மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டான். சலீம் மானிட்டரைத் திரும்ப நாற்காலியில் தூக்கி வைத்தார். தங்கவேல் சார் மல்லிகாவை வேலையை விட்டு அனுப்பவில்லை, கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் போட்டுவிட்டார். வரும் லாரி, போகும் லாரிக்குச் சீட்டு எழுதும் வேலை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைத் தாண்டித்தான் நான் உள்ளே போகவேண்டும். நன்றாகச் சிரிப்பாள். என்னிடம் கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். கட்டளைகளைப் பற்றிக் கேட்க அவளுக்கு இனி என்ன இருக்கிறது?

மறு வருடம் தொட்டியத்தில் அவளுக்குக் கல்யாணம். கம்பெனியோடு போனோம். மாப்பிள்ளை வீட்டில் வாழை வைத்திருந்தார்கள், பந்தலைச் சுற்றிலும் தாரோடு வெட்டிக் கட்டியிருந்த மரங்களைப் பார்த்து, வழி தவறித் தோப்புக்குள் வந்துவிட்டோமோ என்று சலீம் பயந்துவிட்டார். மணமேடையில் போட்டோ எடுக்கும்போது மல்லிகா என் காதருகில் குனிந்தாள்.

"மேடம், திருவெள்ளறை இப்ப எத்தனை நாளுங்க?"

"முந்நூத்தி முப்பது" என்றேன்.

"திரும்ப ஆயிரம் வந்தா சொல்லி அனுப்புங்க." கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள். "அன்னைக்கு நான் உங்க பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு வேலை போயிருக்கும்ல? எனக்கு என்னங்க, ஒரு திட்டு. அதோட போச்சு."

ஒரு திட்டோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியைப் பற்றி அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்தன்று எதற்கு என்று ஒரு நல்ல காரணம் கிடைத்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்காமல் போன நாள்களில் அதுவும் ஒன்று, ஆனால் பாயசம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வரதன் சார் காலமாகி ஆறு வருடமாகிறது. சலீம் மகனோடு துபாயில் இருக்கிறார். கம்பெனி நவல்பட்டுப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது, நான் அதில் ஒரு டைரக்டர். போன வருடம் தங்கவேல் சாரின் மகன் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கிளவுட் என்கிற மேகத்துக்கு ஏற்றிவிட்டார்களாம், பட்டறையில் இருக்கும் கடைசிச் சர்வரை நிறுத்தவேண்டும். இதற்கெல்லாம் நான் போகவேண்டியதே இல்லை. போனேன்.

அது பழைய திருவெள்ளறை இல்லை. அந்தப் பெயரில் வந்த நான்காவது பெட்டி. இந்தக் கால ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சர்வரை அணைக்கப் போனால், ஏன் அணைக்கிறாய் என்று ஒரு கட்டம் போட்டுக் காரணம் கேட்கிறது. எழுதாமல் விடாது. எங்கள் ஆட்கள் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், உலகம் முழுவதும் அப்படித்தான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். ரூமில் யாரும் இல்லை. நான் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். அன்றைக்கு அணைக்கச் சொன்னது மல்லிகா இல்லை, நான். கேட்டுக்கொண்டுதான் அணைத்தாள். அழுதேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுத்துப்பிழை நிறைய வந்தது. அடித்து முடித்ததும் சர்வர் மரியாதையாக அணைந்தது.

பழைய டிஸ்க்கை வெளியே விடக்கூடாது, அழித்துவிடவேண்டும் என்று இப்போது ஒரு விதி. பட்டறையில் டிரில்லிங் மெஷினுக்கா பஞ்சம்? பத்து நிமிடத்தில் நான்கு துளை போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதியது அந்தத் துளைகளில் எதிலோ போயிற்று. கேட்கவேண்டியவர் உயிரோடு இல்லை. மல்லிகாவுக்கு என் வாக்குமூலம் தேவையே இல்லை, அவளுக்குத்தான் முதலிலிருந்தே தெரியுமே. அவளுக்குத் தெரியாதது அந்த நாற்காலி ஒன்றுதான். தொட்டியம் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

இப்போது எங்கள் சர்வர்களுக்குப் பெயர் கிடையாது, நீளமாக ஒரு எண். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவை தாமாகவே அணைந்துவிடுகின்றன, காலையில் அதே வேலைக்கு வேறு ஒன்று வந்து நிற்கிறது. எத்தனை நாள் ஓடியது என்று யாரும் வாசிப்பதில்லை. "யார் அணைச்சது?" என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால், எதிரில் நிற்பவளை ஒரு தடவை பார்த்துவிட்டு "நானாத்தான்" என்று சொல்லக்கூடிய ஒருத்தியும் எங்கள் கம்பெனியில் இல்லை. இருந்திருக்க வேண்டியவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை.